அறம் அரமானது எவ்வாறு?



எம் பள்ளியின் முதல் மாடித் தாழ்வாரத்தில் ஒரு கணினித் திரை உண்டு. காலை வழிபாட்டுக்கு முன் ஒரு தமிழ்ச் சொல்லும் அதன் பொருளும் அதில் தோன்றும. தமிழை விருப்பப் பாடமாகக் கற்கும் மாணவர்கள் முறைவைத்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்பார்கள். கணினி அறையில் தட்டச்சு செய்யப்படும் அச்சொல், முப்பது மீட்டர் நீளமுள்ள கம்பி வழியாகத் தாழ்வாரத்துக் கணினிக்குச் செல்லும். இரண்டும் எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கணினிகள். மூத்த வகுப்பு மாணவர்கள் அவற்றைத் தேடியெடுத்துத் துடைத்து இயங்கச் செய்தார்கள்.

ஒரு நாள் காலையில் அத்திரையில் "அரம்: நன்னெறி, ஒழுக்கம்" என்று இருந்தது. அரம் என்பது இரும்பைத் தேய்க்கும் கருவி. நன்னெறியைக் குறிப்பது அறம். தமிழகத்துக்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்கு ரகரமும் றகரமும் குழம்புவது இயல்பு என்பதை நான் அறிவேன். ஆகவே அன்றைய முறைக்குரிய எட்டாம் வகுப்பு மாணவியை அழைத்து, "அறம்" என்று பத்து முறை எழுதிவரச் சொன்னேன். "ஐயா, நான் வல்லின றகரம்தான் இட்டேன்" என்றாள். நான் நம்பவில்லை. அவள் எழுதிக்கொண்டு வந்தாள்.

மூன்று நாள்கள் கழித்து வேறொரு மாணவனின் முறை. திரையில் "மநம்: உள்ளம்" என்று வந்தது. இப்போது நான் தயங்கினேன். மனம் என்னும் சொல்லில் தவறிழைக்கும் மாணவன் ணகரத்தை இடலாம், நகரத்தை இடுவானா? ரகர றகர மயக்கம் காதில் தோன்றுவது. ஒரு சொல்லின் நடுவே தனித்து நகரத்தை இடும் பழக்கம் எந்தக் குழந்தையிடமும் நான் கண்டதில்லை. கணினி அறைக்குச் சென்று பார்த்தேன். அனுப்பிய கோப்பில் "மனம்" என்றே இருந்தது. முந்தைய கோப்பையும் திறக்கச் சொன்னேன். அதில் "அறம்" என்று இருந்தது.

அனுப்பியவர் சரியாக அனுப்பியிருக்கிறார். வழியில் எழுத்து மாறியிருக்கிறது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அதை மாணவர்கள் சோதித்துக் கண்டறிந்த முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

எழுத்தும் எண்ணும்

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் யூனிகோடு முறையில் ஓர் எண் உண்டு. கம்பியில் அனுப்பும்போது யு.டி.எஃப். 8 என்னும் முறைப்படி அந்த எண் மூன்று பைட்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பைட்டு என்பது எட்டுப் பிட்டுகள். ஒரு பிட்டு என்பது சுழியம் அல்லது ஒன்று. ரகரத்தின் மூன்று பைட்டுகள் 224, 174, 176. றகரத்தின் பைட்டுகள் 224, 174, 177. முதல் இரண்டும் ஒன்றே. மூன்றாவதை இரும எண்ணில் எழுதினால் ரகரம் 10110000, றகரம் 10110001. கடைசிப் பிட்டு ஒன்றுதான் வேறுபாடு.

நகரத்தின் மூன்றாம் பைட்டு 168, அதாவது 10101000. னகரத்தின் மூன்றாம் பைட்டு 169, அதாவது 10101001. இங்கும் ஒரே ஒரு பிட்டு.

நாம் மனப்பாடம் செய்த நெடுங்கணக்கில் நகரம் எட்டாம் மெய், னகரம் பதினெட்டாம் மெய். ரகரம் பன்னிரண்டாவது, றகரம் பதினேழாவது. அவ்வளவு தொலைவில் நிற்பவை கணினிக் குறிமுறையில் அடுத்தடுத்து வந்தது ஏன் என்று உங்களுக்குத் தோன்றலாம். யூனிகோடு இந்திய மொழிகளின் வரிசையை, முன்பே வழக்கிலிருந்த இஸ்கி என்னும் இந்தியக் குறிமுறையை ஒட்டி அமைத்தது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே அடுக்கில் எழுத்துகளைப் பொருத்தியதால் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தும் 176 முதல் 180 வரை ஒரே வரிசையில் அமர்ந்தன. லகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையேயும் ஒரு பிட்டுதான். ஒலி ஒளியாவதற்கும் ஒரு பிட்டு போதும். மயங்கொலி எழுத்துகள் என்று நாம் இலக்கண வகுப்பில் படிப்பவை, கம்பியிலும் மயங்கும் எழுத்துகளாக அமைந்துவிட்டன. இதை அறிந்த நாளில் எனக்கு வியப்பும் சற்றே வருத்தமும் உண்டாயின.

அத்திரையில் இதற்கு முன்பும் பிழைகள் தோன்றியதுண்டு. சில நாள்களில் எழுத்துக்கு மாறாக ஒரு வெற்றுக் கட்டமோ வினாக்குறியோ வரும். முதல் இரண்டு பைட்டுகளில் ஒரு பிட்டு மாறினால் பெரும்பாலும் அந்த எண்ணுக்கு உரிய தமிழ் எழுத்தே இராது. ஆகவே கணினி கட்டத்தைக் காட்டும். அதைக் கண்டதும் எல்லாரும் "இயந்திரக் கோளாறு" என்று சொல்லி மீண்டும் அனுப்புவார்கள். மூன்றாம் பைட்டில் அதே கோளாறு நேர்ந்தால் மற்றொரு நல்ல தமிழ் எழுத்து வந்து நின்றுவிடுகிறது. அப்போது பழி பிள்ளையின்மேல் விழுகிறது. கோளாறு ஒன்றே, ஒன்று தன்னைக் காட்டிக்கொள்கிறது, மற்றொன்று காட்டிக்கொள்வதில்லை.

வேகத்தைக் கூட்டியது ஏன்?

விசாரித்தபோது ஒரு செய்தி தெரிந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் மூத்த மாணவர்கள் கம்பியின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. சொல்லோடு ஒரு படத்தையும் காட்ட விரும்பினார்கள். 320 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் உள்ள வண்ணப்படம், புள்ளிக்கு இரண்டு பைட்டு வீதம், 1,53,600 பைட்டுகள் ஆகும்.

கம்பியில் பைட்டை அனுப்பும் சில்லுக்கு யுவார்ட் என்று பெயர். கணினியின் உள்ளே எட்டுப் பிட்டுகள் எட்டு வழிகளில் ஒருங்கே செல்லும். வெளியே உள்ளதோ ஒரே கம்பி. எட்டுப் பேர் அகலமாக நடந்துவந்து ஒற்றையடிப் பாதையில் ஒருவர்பின் ஒருவராகச் செல்வதுபோல, பிட்டுகளை வரிசைப்படுத்தி அனுப்புவது இச்சில்லின் பணி. மறுமுனையில் உள்ள யுவார்ட் அவற்றை மீண்டும் எட்டாகச் சேர்க்கும். ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் "தொடங்குகிறேன்" என்று அறிவிக்கும் ஒரு சுழியமும், பின்னால் "முடித்தேன்" என்று அறிவிக்கும் ஓர் ஒன்றும் சேர்க்கப்படும். ஆகவே ஒரு பைட்டுக்குப் பத்துப் பிட்டு.

பழைய வேகம் நொடிக்கு 9,600 பிட்டு, அதாவது 960 பைட்டு. அந்த வேகத்தில் ஒரு படம் சென்று சேர 160 நொடி ஆகும். இறைவணக்கமே முடிந்துவிடும். நொடிக்கு 1,15,200 பிட்டு என்று மாற்றினால் பதின்மூன்று நொடியில் படம் வந்துவிடும். மாற்றினார்கள், படம் வந்தது, எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஒரு படத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் நிறம் மாறியிருந்தால் யார் கண்ணில் படும்?

சோதித்த முறை

வேகத்தைக் கூட்டியபோது அவர்கள் சோதிக்காமல் விடவில்லை. இந்த யுவார்ட் சில்லுகளில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. அதை இயக்கினால் சில்லு அனுப்புவதைச் சில்லே பெற்றுக்கொள்ளும். அனுப்பியதும் பெற்றதும் ஒத்திருந்தால் சில்லு நலமாக உள்ளது என்று பொருள். அச்சோதனையில் ஒரு பிழையும் இல்லை. பிறகு கணினியின் பின்புறமுள்ள ஒன்பது முள் இணைப்பியில் இரண்டாம் முள்ளையும் மூன்றாம் முள்ளையும் சிறு கம்பியால் இணைத்துப் பார்த்தார்கள். இரண்டு பெறும் முள்; மூன்று அனுப்பும் முள். அதிலும் பிழை இல்லை. "1,15,200 வேகத்தில் சரியாக இயங்குகிறது" என்று ஏட்டில் குறித்துக்கொண்டார்கள்.

அவர்கள் குறித்தது பொய்யன்று. ஆயினும் முதற் சோதனையில் மின்குறி சில்லை விட்டு வெளியே வரவே இல்லை. இரண்டாவதில் வெளியே வந்தது. ஆனால் ஒரு விரல் நீளக் கம்பியில் மட்டுமே சென்றது. முப்பது மீட்டர்க் கம்பியை எந்தச் சோதனையும் தொடவில்லை.

மூன்றாவதாக, தாழ்வாரத்து முனையில் கம்பியைக் கழற்றி, அங்கே இரண்டு இழைகளையும் ஒன்றாக இணைக்கச் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசை. உண்மையில் அதைச் சொன்னவள், நான் பத்து முறை எழுதவைத்த அதே மாணவி. "முழுக் கம்பியிலும் போய்த் திரும்பி வரட்டும், ஐயா" என்றாள். முதலில் விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்கள். போனபடியே திரும்பி வந்தன. பிறகு இடைவெளியின்றித் தொடர்ந்து அனுப்பும்படி நிரலை மாற்றினார்கள். பிழைகள் தோன்றின. வேகத்தை 9,600 ஆகக் குறைத்தார்கள், பிழை ஒன்றுமில்லை.

என்ன அனுப்பிச் சோதிப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தாகிய "யூ"வின் எண் 85. இரும எண்ணில் 01010101. தொடக்கச் சுழியமும் முடிவு ஒன்றும் சேர்ந்தால், கம்பியில் சுழியமும் ஒன்றும் பத்து முறை மாறி மாறி வரும். மின்குறி ஓய்வின்றி ஏறி இறங்கும். சோதிப்பவர்கள் அதனாலேயே இவ்வெழுத்தை விரும்புவார்கள். அத்துடன் சுழியங்கள் நீளமாக நின்று, நடுவே ஓர் ஒன்று மட்டும் தனித்து வரும் பைட்டுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெடுநேரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்ற மின்குறி, ஒரே ஒரு பிட்டுக்காக மறுபக்கம் சென்று திரும்புவதே அதற்குக் கடினமான வேலை.

எவ்வளவு நேரம் சோதிப்பது? பத்து இலட்சம் பிட்டுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே பிழை நேரும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு சொல்ல வேண்டுமானால், முப்பது இலட்சம் பிட்டு பிழையின்றிச் செல்ல வேண்டும் என்பது கணக்கு. 1,15,200 வேகத்தில் அதற்கு 26 நொடி போதும். நூறு கோடிக்கு ஒன்று என்ற உறுதி வேண்டுமானால் ஏறத்தாழ ஏழே கால் மணி நேரம் ஆகும். ஒரு முறை "வணக்கம்" என்று அனுப்பி, அது ஒழுங்காக வந்தது கண்டு நிறைவடைவதற்கும் இதற்கும் உள்ள தொலைவைப் பாருங்கள்.

கம்பியில் நேர்ந்தது

9,600 வேகத்தில் ஒரு பிட்டு கம்பியில் நிற்கும் காலம் 104 மைக்ரோநொடி. 1,15,200 வேகத்தில் அது எட்டே முக்கால் மைக்ரோநொடிக்கும் சற்றுக் குறைவு. மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வகைக் கம்பிக்கான விதிகளை அமெரிக்க மின்னணுத் தொழில் கூட்டமைப்பு 1960இல் ஆர்.எஸ். 232 என்னும் பெயரில் வகுத்தது. அதன்படி ஒன்று என்பது எதிர்மின்னழுத்தம், மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை. சுழியம் என்பது நேர்மின்னழுத்தம், 3 முதல் 15 வோல்ட் வரை. இடைப்பட்ட பகுதியில் எது எது என்று உறுதி கூற இயலாது. யுவார்ட் சில்லோ 5 வோல்ட்டில் இயங்குவது. ஆகவே இரண்டுக்கும் நடுவே ஓர் இடைமுகச் சில்லு வேண்டும். பலரும் அறிந்த மேக்ஸ் 232 அவ்வகையைச் சேர்ந்தது. 5 வோல்ட்டை நான்கு சிறு மின்தேக்கிகளின் துணையால் ஏறத்தாழ பத்து வோல்ட்டாக இரட்டித்து, அதைத் திருப்பி மைனஸ் பத்தையும் உண்டாக்கும். நொடிக்கு 1,20,000 பிட்டு வரை அது தாங்கும் என்று அதன் குறிப்பேடு கூறும். 1,15,200 அதற்கு உட்பட்டதே. ஆயின், எவ்வளவு சுமையோடு என்பதையும் அதே குறிப்பேடு கூறுகிறது. பலர் அந்த வரியைப் படிப்பதில்லை.

அருகருகே செல்லும் இரண்டு கம்பி இழைகள் தாமே ஒரு மின்தேக்கியாகச் செயல்படும். மின்குறி மாறும்போதெல்லாம் அதை நிரப்பவும் காலி செய்யவும் வேண்டும். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று கொண்டால், முப்பது மீட்டருக்கு 3,000. ஆர்.எஸ். 232 விதியின் பின்வந்த வடிவங்கள் அனுமதிக்கும் அளவு 2,500. மெல்லிய குழாயால் பெரிய தொட்டியை நிரப்புவதுபோல, இடைமுகச் சில்லு கம்பியை மெல்ல மெல்லவே ஏற்ற முடியும். மைனஸ் 8 வோல்ட்டிலிருந்து 8 வோல்ட்டுக்கு ஏற வேண்டியது 16 வோல்ட். மைக்ரோநொடிக்கு 4 வோல்ட் வீதம் ஏறினால் நான்கு மைக்ரோநொடி ஆகும். 104 மைக்ரோநொடியில் நான்கு போனால் யாருக்கும் தெரியாது. எட்டே முக்காலில் நான்கு போனால் பாதி போயிற்று. சுழியங்களுக்கு நடுவே தனித்து வரும் ஒன்று, முழு அளவை எட்டாமலே திரும்பிவிடலாம். அருகில் ஒரு மின்விளக்கையோ விசிறியையோ இயக்கினால் அந்நேரத்துச் சிறு அதிர்வும் போதும். றகரத்தின் கடைசிப் பைட்டில் தொடக்கச் சுழியத்தை அடுத்து வருவது அத்தகைய தனித்த ஒன்றுதான். யுவார்ட் கடைசிப் பிட்டையே முதலில் அனுப்பும். அந்த ஒன்று அழிந்தால் எஞ்சுவது ரகரம். னகரத்துக்கும் அதே நிலை.

மாணவர்கள் வேகத்தை 38,400 ஆக வைத்தார்கள். ஒரு பிட்டுக்கு 26 மைக்ரோநொடி கிடைத்தது. முழுக் கம்பியிலும் ஓர் இரவு முழுவதும் சோதித்தார்கள்; பிழையில்லை. அதோடு பாரிட்டி என்னும் காவல் பிட்டையும் சேர்த்தார்கள். பைட்டில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும்படி ஒரு பிட்டைக் கூடுதலாக இடுவதே பாரிட்டி. றகரத்தின் பைட்டில் நான்கு ஒன்றுகள் உள்ளன. ஒன்று அழிந்தால் மூன்றாகும். பெறும் சில்லு பிழையென்று கொடி காட்டும். இதனால் ஒரு படத்துக்கு 40 நொடி என்பது 44 நொடி ஆயிற்று. அந்த நான்கு நொடி வீணென்று ஒருவன் வாதிட்டான். நான் அவனோடு உடன்படவில்லை. ஆயினும் இரண்டு பிட்டுகள் ஒருங்கே மாறினால் பாரிட்டி ஏமாந்துவிடும் என்பதையும் அவனே சுட்டிக்காட்டினான். அது சரிதான். ரகரம் ளகரமானால் பாரிட்டிக்குத் தெரியாது.

பெறுபவரின் வேகம்

எம் கம்பியில் குற்றம் கம்பியினுடையது. வேறிடங்களில் பெறும் சில்லே பின்தங்குவதுண்டு. சொல்வதெழுதுதல் நாளில் உங்களுக்கு நேர்வதை எண்ணிப் பாருங்கள். நான் ஒரு சொல்லைச் சொல்கிறேன். நீங்கள் அதை நினைவில் வைத்து எழுதுகிறீர்கள். எழுதி முடிக்கும் முன் அடுத்த சொல் வந்தால் அதையும் நினைவில் தாங்கலாம். மூன்றாவதும் வந்துவிட்டால் ஒன்று தொலையும். உங்கள் கையெழுத்தில் குற்றமில்லை, காதிலும் குற்றமில்லை, தாங்கும் இடம் போதவில்லை.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியில் 8250 என்னும் யுவார்ட் இருந்தது. அது ஒரு பைட்டைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்ததைச் சேர்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவே அதன் தாங்கும் இடம். 9,600 வேகத்தில் ஒரு பைட்டு வர 1,042 மைக்ரோநொடி ஆகும். அதற்குள் கணினி வந்து எடுத்துக்கொள்ளும். 1,15,200 வேகத்தில் 87 மைக்ரோநொடிக்கு ஒரு பைட்டு வரும். வட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்த கணினி சற்றே தாமதித்தால், பழைய பைட்டின்மேல் புதியது விழும். இப்பிழை நேர்ந்ததைச் சில்லு தன் நிலைக் குறிப்பில் ஒரு பிட்டால் அறிவிக்கும். ஆனால் தொலைந்ததைத் திருப்பித் தராது.

பின்னர் வந்த 16550 என்னும் சில்லில் பதினாறு பைட்டுகளை வரிசையில் நிறுத்தும் இடம் அமைக்கப்பட்டது. பதினாறு சொல்லை நினைவில் தாங்கும் மாணவரைப் போன்றது. கணினி 1,389 மைக்ரோநொடி வரை வேறு வேலை பார்க்கலாம். ஆனால் முதலில் வந்த 16550இல் அந்த வரிசையிலேயே ஒரு குறை இருந்ததால் அதை நம்பிப் பயன்படுத்த முடியவில்லை. குறை நீக்கிய சில்லுக்கு 16550ஏ என்று பெயரிட்டார்கள். அக்காலத்து நிரல்கள் வரிசையை இயக்குவதற்கு முன், எதிரே இருப்பது எந்தச் சில்லு என்று கேட்டுச் சோதித்துக்கொண்டன. பெயரின் இறுதியில் ஓர் எழுத்து இருப்பதற்கும் இல்லாததற்கும் அவ்வளவு வேறுபாடு இருந்தது.

இரண்டு கடிகாரங்கள்

தாழ்வாரத்துப் பழைய கணினிக்கு மாறாக, புதுமைக் கூடத்தில் உள்ள அர்டுயினோ யூனோ பலகை ஒன்றை வைக்கலாமா என்று இப்போது மாணவர்கள் ஆராய்கிறார்கள். உங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் அந்தப் பலகையைக் கையாண்டிருப்பீர்கள். அதைச் சோதிக்கும்போது மற்றொரு சிக்கல் முன்வருகிறது.

கம்பியில் மின்குறி மட்டுமே செல்கிறது, நேரம் செல்வதில்லை. அனுப்புபவரும் பெறுபவரும் தத்தம் கடிகாரத்தை நம்புகிறார்கள். தொடக்கச் சுழியத்தைக் கண்டதும் பெறும் சில்லு எண்ணத் தொடங்கும். ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கும். கடைசிப் பிட்டின் நடுப்பகுதி ஒன்பதரைப் பிட்டுத் தொலைவில் உள்ளது. இரண்டு கடிகாரங்களும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வேறுபட்டால், அதற்குள் அரைப் பிட்டு விலகிவிடும். அண்டையிலுள்ள பிட்டைப் படித்துவிடும்.

பழைய கணினியின் யுவார்ட்டை இயக்கும் படிகம் நொடிக்கு 18,43,200 முறை துடிக்கும். விந்தையான எண் என்று தோன்றும். அதை 16ஆல் வகுத்தால் 1,15,200. அதை 12ஆல் வகுத்தால் 9,600. வகுத்தல் மீதியின்றி முடியும்படி தேர்ந்தெடுத்த எண் அது. அர்டுயினோ யூனோவின் துடிப்போ 1,60,00,000. அதிலுள்ள சில்லு ஒரு பிட்டை எட்டாகப் பகுத்துப் பார்க்கும் முறையில் இயங்கும்போது, 20,00,000ஐ ஒரு முழு எண்ணால் வகுத்து வேகத்தைப் பெற வேண்டும். 9,600க்கு வேண்டியது 208.33, 208 என்று வைத்தால் கிடைப்பது 9,615. பிழை நூற்றுக்கு ஒன்றில் ஆறில் ஒரு பங்குதான். 1,15,200க்கு வேண்டியது 17.36, 17 என்று வைத்தால் கிடைப்பது 1,17,647. பிழை நூற்றுக்கு 2.1.

இது தனியாகத் தீங்கு செய்யாது. ஒன்பதரைப் பிட்டில் 2.1 விழுக்காடு என்பது ஐந்தில் ஒரு பிட்டு. மறுமுனையில் உள்ள கருவியும் எதிர்த்திசையில் இரண்டு விழுக்காடு பிழைபட்டால் விலகல் 0.39 பிட்டு ஆகும். எட்டாகப் பகுத்துப் பார்ப்பதால் தொடக்கத்திலேயே எட்டில் ஒரு பங்கு வரை தடுமாற்றம் நேரலாம். கூட்டினால் அரைப் பிட்டைத் தாண்டுகிறது. தனித்தனியே சோதித்தபோது இரண்டு கருவிகளும் தேர்ச்சி பெற்றவை. சேர்த்து வைத்தால் தோற்கின்றன. சில்லு தான் அனுப்பியதைத் தானே கேட்கும் சோதனையில் இது ஒருபோதும் தென்படாது. அங்கே இருப்பது ஒரே கடிகாரம். அது தவறினால் இருபுறமும் ஒருசேரத் தவறும். தானே சொல்லித் தானே எழுதும் சொல்வதெழுதுதலில் எவரும் முழு மதிப்பெண் பெறலாம்.

கைத்தட்டச்சால் சோதிக்கும்போதும் இக்குறை மறைந்துவிடுவதுண்டு. எழுத்துக்கு எழுத்து இடைவெளி இருந்தால் கம்பி ஒன்றிலேயே நிற்கும். பெறும் சில்லு சற்றுத் தாமதமாக முடிவுப் பிட்டைப் பார்த்தாலும் அங்கே ஒன்றுதான் இருக்கும். இடைவெளியின்றி அனுப்பினால் அங்கே அடுத்த பைட்டின் தொடக்கச் சுழியம் வந்து நிற்கும். அப்போதுதான் பிழை வெளிப்படும்.

இன்னொரு செய்தி மாணவர்களை வியக்கவைத்தது. அதே பலகையை 2,50,000 வேகத்தில் வைத்தால் வகுக்க வேண்டிய எண் சரியாக 8. மீதி இல்லை, கடிகாரப் பிழையும் இல்லை. வேகம் கூடக் கூடப் பிழை கூடும் என்று நினைத்திருந்தோம். கம்பிக்கு அது உண்மை, கடிகாரத்துக்கு அவ்வாறில்லை. ஆகையால் "கூடிய வேகத்தில் சோதித்தேன்" என்று ஒருவர் சொன்னால் எந்த வேகம், எவ்வளவு நீளக் கம்பி, மறுமுனையில் எந்தக் கருவி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அம்மாணவியிடம் மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். அவள் எழுதிய பத்து வரிகளும் இன்னும் என் மேசை அறையில் உள்ளன. பத்திலும் றகரம் அழகாக இருக்கிறது. இப்போது ஏட்டில் சோதனைக் குறிப்புகளை எழுதுவது அவள் பொறுப்பு.

செய்து பாருங்கள்

அர்டுயினோ யூனோவை 57,600 வேகத்தில் வைக்க 20,00,000ஐ எந்த முழு எண்ணால் வகுக்க வேண்டும்? கிடைக்கும் உண்மையான வேகம் என்ன? பிழை நூற்றுக்கு எவ்வளவு? "தமிழ்" என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன; குறிக்கு மூன்று பைட்டு வீதம், பாரிட்டி இல்லாமல் அச்சொல் 9,600 வேகத்தில் சென்று சேர எவ்வளவு நேரம் ஆகும்? இறுதியாக, ஒரே ஒரு பிட்டு மாறினால் வேறு பொருள் தரும் சொற்களாகிவிடும் இணைகள் ஐந்தை ர, ற, ல, ள, ழ, ந, ன ஆகிய எழுத்துகளைக் கொண்டு கண்டுபிடித்து எழுதுங்கள். கரை, கறை என்னும் இணை உங்களுக்கு முன்பே தெரிந்ததுதான். அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டா.